பிழை தெரிந்த கவ்வி

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு நாட்டின் பெரிய மின் தொகுப்பிலிருந்து ஒரு கம்பிகூட வருவதில்லை. நடுவில் கிடப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல். அதனால் தீவுகள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே ஆக்கிக்கொள்கின்றன. பெரும்பகுதி, கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்து. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் சாத்தம், ஃபீனிக்ஸ் பே போன்ற இடங்களில் டீசல் மின் நிலையங்கள் இருக்கின்றன. வடக்கு அந்தமானில் திக்லிப்பூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் புனல் மின் நிலையம் ஒன்று உண்டு. கராச்சர்மாவில் என்.டி.பி.சி. அமைத்த 5 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. நெய்வேலியை நமக்குத் தெரியவைத்த என்.எல்.சி. இந்தியா நிறுவனமும் அட்டம் பஹாட், டாலிகஞ்ச் ஆகிய இடங்களில் 20 மெகாவாட் சூரிய மின் உற்பத்தியையும், அதோடு 8 மெகாவாட்-மணி அளவுள்ள பேட்டரிச் சேமிப்பையும் நிறுவியிருக்கிறது. ஒரு மேகம் கடந்தால்கூட உற்பத்தி சட்டென்று ஏறி இறங்கும் சிறிய தொகுப்பு இது. பேட்டரி அங்கே தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதோடு கேள்வி முடிவதில்லை. அது எந்த நேரத்தில், எந்த வடிவத்தில் பாய்கிறது என்பதும் கேள்விதான். அந்த வடிவத்தைப் பார்க்க உதவும் மின்னோட்டக் கவ்வி என்ற மலிவான கருவியைப் பற்றியும், அதைச் சீர்ப்படுத்தி நம்பத்தகுந்ததாக ஆக்குவது பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

எலக்ட்ரீஷியன்கள் கையில் இருக்கும் டாங் டெஸ்டரை எல்லோரும் பார்த்திருப்போம். இடுக்கி போன்ற வாயைத் திறந்து வயரைக் கவ்வினால் திரையில் ஆம்பியர் தெரியும். அது தருவது ஒற்றை எண். ஒரு நொடிக்குள் நடந்த பலவற்றின் சராசரி. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைப் போடும்போது முதல் அரை நொடியில் வழக்கத்தைவிட ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் பாய்ந்து பிறகு தணிகிறது. சராசரி காட்டும் கருவிக்கு இது ஒரு தடுமாற்றமாகத்தான் தெரியும். மின் அலையைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் கதை முழுதாக விரியும்: மின்னோட்டம் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை அலைகள் வரை நீடித்தது, ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டிக்கும் சுவிட்ச் சரியான நேரத்தில் விட்டதா, கெபாசிட்டர் தளர்ந்துவிட்டதா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும். மோட்டார் கருகி ரீவைண்டிங்குக்குப் போன பிறகு காரணம் தேடுவதைவிட, கருகுமுன் அந்தக் கோட்டைப் படிப்பது செலவு குறைந்த வழி.

ஆனால் ஆசிலாஸ்கோப்புக்கு வோல்டேஜ் மட்டும்தான் தெரியும். மின்னோட்டத்தை அது நேரடியாக அறியாது. மின்னோட்டத்தை வோல்டேஜாக மாற்றித்தர ஓர் இடையாள் வேண்டும். வயரை வெட்டி ஒரு சிறு மின்தடையைச் சேர்த்து, அதன் இரு முனைகளுக்கு இடையே அளப்பது பழைய வழி. வீட்டு மின்சாரத்தில் இது ஆபத்தானது. பெரும்பாலான ஸ்கோப்புகளில் அளக்கும் முனையான புரோப்பின் தரைக் கிளிப் நேராக எர்த் பின்னோடு இணைந்திருக்கும். அதை 230 வோல்ட் உள்ள இடத்தில் மாட்டினால் அந்தக் கிளிப் வழியாகவே ஷார்ட் ஆகும். வயரை வெட்டாமல், தொடாமல், வெளியிலிருந்து கவ்வி அளக்கும் புரோப்பின் பெருமை இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் பாயும் வயருக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் உலோகத் தொடர்பு எதுவும் இல்லை.

இந்தக் கவ்விகளில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று சின்ன டிரான்ஸ்ஃபார்மர். மாறுமின்னோட்டத்தை மட்டும் அறியும். மற்றொன்றின் அடிப்படை, 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு: மின்னோட்டம் பாயும் மெல்லிய தகட்டின் மீது காந்தப்புலம் குறுக்கே விழுந்தால், தகட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு வோல்டேஜ் எழும். கவ்வியின் இரு தாடைகளும் சேர்ந்து ஒரு காந்த வளையமாகின்றன. வளையத்தில் விடப்பட்ட ஒரு சிறு இடைவெளியில் ஹால் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. வயரில் பாயும் மின்னோட்டம் எவ்வளவோ அந்த இடைவெளியில் காந்தப்புலமும் அவ்வளவு. சூரியத் தகடு, பேட்டரி, இன்வெர்ட்டர் என்று நேர்மின்னோட்டம் பரவியுள்ள தீவுகளில் பயன்படுவது இந்த இரண்டாம் குலம்தான். ஆய்வுக்கூடங்களுக்கான உயர்தரப் புரோப்புகளின் விலை லட்சங்களைத் தொடும். ஹான்டெக் சிசி-65 போன்ற மலிவான கவ்வி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. 65 ஆம்பியர் வரை, நேர்மின்னோட்டம் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும். நுண்ணிய நிலையில் ஓர் ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட், பெரிய நிலையில் 10 மில்லிவோல்ட் தரும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும்.

விலை வித்தியாசம் எங்கே போகிறது? மலிவான கவ்வியின் குறைகளை நான்காகப் பிரிக்கலாம். பூஜ்யம் ஓரிடத்தில் நிற்காது. சிறிய மின்னோட்டத்தை இரைச்சல் மூழ்கடிக்கும். ஆம்பியர் கணக்கு சில விழுக்காடு பிசகும். வேகமான மாற்றங்களை அது பார்க்காது. இவற்றில் முதல் மூன்றையும் பட்டறை மேசையிலேயே பெருமளவு சரிசெய்யலாம், நான்காவதை முடியாது. மேம்படுத்துவது என்றால் உள்ளே சாலிடர் வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய மேம்பாடு, எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது. திருத்தக்கூடியதைத் திருத்தி, திருத்த முடியாததை எல்லையாக எழுதி வைத்துவிட்டால், மலிவான கருவியும் நம்பத்தகுந்த சாட்சியாகிவிடும்.

பூஜ்யத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பொருளை வைக்குமுன் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது போல, வயரைக் கவ்வுமுன் வாயை மூடிப் பூஜ்யம் பார்ப்பது முதல் விதி. ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் போதாது. முள்ளை நகர்த்தும் கைகள் மூன்று. முதலாவது வெப்பம்: சென்சாரும் அதன் பெருக்கிச் சுற்றும் சூடேறும்வரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பது காசில்லாத மருந்து. இரண்டாவது மிச்சக் காந்தம்: பெரிய நேர்மின்னோட்டத்தை அளந்த பிறகு வளையத்தில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். பாதுகாப்பான குறைந்த வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சில சுற்று வயரைக் கவ்விக்குள் விட்டு, வேரியாக்கால் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மாறுமின்னோட்டத்தை உயர்த்தி, மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்கினால் அது கரைந்துவிடும். மூன்றாவது பூமியின் காந்தம். வளையத்தின் இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆம்பியர் அங்கே ஏறத்தாழ 630 மைக்ரோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். அந்தமான் பகுதியில் புவிக்காந்தம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆகவே கவ்வியைத் திருப்பும் திசையைப் பொறுத்து, இல்லாத மின்னோட்டம் பல பத்து மில்லியாம்பியர் அளவுக்குத் தோன்றவும் மறையவும் செய்யும்.

தீவுகளின் இருப்பிடம் இங்கே ஓர் உதவி செய்கிறது. புவிக்காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது; இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகங்கள் திருநெல்வேலியிலும் போர்ட் பிளேரிலும் அமைந்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்த நடுக்கோட்டுக்கு அருகில் காந்தக் கோடுகள் தரைக்கு ஏறத்தாழக் கிடையாக, வடக்குத் தெற்காக ஓடுகின்றன. தில்லியில் அவை தரைக்குள் நன்றாகச் சாய்ந்து இறங்கும். கவ்வி வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக வரும் புலத்தைச் சென்சார் பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆகையால் அந்தமானில் அளக்க வேண்டிய வயரை மேசைமீது வடக்குத் தெற்காகக் கிடத்தி, கவ்வியை அதற்குக் குறுக்கே நிறுத்தினால் பூமியின் குறுக்கீடு மிகக் குறைந்துவிடும். காசு செலவில்லை, சாலிடர் வேலையும் இல்லை. எந்தப் பிழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற அறிவு மட்டுமே போதும்.

அடுத்தது சிறிய மின்னோட்டம். ஸ்கோப்பின் மிக நுண்ணிய நிலை ஒரு கட்டத்துக்கு 2 மில்லிவோல்ட் என்றால், ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் தரும் கவ்வியில் ஒரு கட்டம் 20 மில்லியாம்பியர். அதே வயரைக் கவ்விக்குள் பத்துச் சுற்றுச் சுற்றினால் காந்தப்புலம் பத்து மடங்கு. ஒரு கட்டம் 2 மில்லியாம்பியராகிறது. இரைச்சலும் பூஜ்ய நகர்வும் ஏறவில்லை, அளவு மட்டும் ஏறியது. இதற்கும் விலை உண்டு: சுற்றுகள் பத்து மடங்கானால் கவ்வி அந்த மின்சுற்றில் புகுத்தும் தூண்டல் நூறு மடங்காகும், வேகமான அலைகள் மழுங்கும். நிதானமான மின்னோட்டங்களுக்கு இது பொருட்டல்ல. மீண்டும் மீண்டும் வரும் அலையானால் ஸ்கோப்பின் சராசரி வசதியையும் சேர்த்துக்கொள்ளலாம். 64 முறை சராசரி எடுத்தால் ஒழுங்கில்லாத இரைச்சல் எட்டில் ஒன்றாகிவிடும். இதையெல்லாம் செய்த பிறகுதான் மூடியைத் திறக்கும் வேலைக்கு நியாயம் உண்டு. பூஜ்யத்தை நகர்த்தும் மட்டமான திருகுக்குப் பதிலாகப் பல சுற்று டிரிம்பாட் வைக்கலாம். ஒல்லியான வயரை மாற்றி, ஷீல்டு உள்ள கேபிளைப் போடலாம். வோல்டேஜ் இறங்க இறங்க அளவும் பிசகக்கூடிய 9 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ரீசார்ஜ் பேட்டரியும் இரைச்சல் குறைந்த லீனியர் ரெகுலேட்டரும் பொருத்தலாம். மலிவான ஸ்டெப்-அப் போர்டைப் பொருத்தினால் அதன் சுவிட்சிங் இரைச்சலே அளவுக்குள் புகுந்துவிடும்.

தீவுக்கே உரிய எதிரி ஒன்றும் உண்டு: ஈரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக் காற்றும் உள்ள ஊரில் தாடைகள் முட்டிக்கொள்ளும் இரும்பு முகங்களில் துரு படியும். அந்தத் துருவும் ஒரு காற்றிடைவெளிதான். மொத்த இடைவெளி 2 மில்லிமீட்டராக இருக்கும் வளையத்தில் 0.1 மில்லிமீட்டர் கூடினால் அளவு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். மூன்றாவது குறையான ஆம்பியர் பிசகுக்கு இதுவும் ஒரு வாசல். முகங்களைச் சுரண்டாமல் மென்துணியால் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வைப்பது, புதிய ஆப்-ஆம்ப் வாங்கி மாற்றுவதைவிட இங்கே அதிகப் பலன் தரும்.

வேகம் என்ற நான்காவது குறைக்கு வருவோம். 20 கிலோஹெர்ட்ஸ் கருவி ஒரு திடீர் ஏற்றத்தைக் காட்ட ஏறத்தாழ 17 மைக்ரோநொடி எடுத்துக்கொள்ளும். செல்போன் சார்ஜருக்குள் நடக்கும் சுவிட்சிங்கின் ஒரு முழுச் சுற்றே பெரும்பாலும் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். கவ்வி அதைப் பார்க்காது. பெருக்கிச் சுற்றை மாற்றினால் கொஞ்சம் கூடலாம், ஆனால் வளையத்தின் உலோகமும் சென்சாரும் விரைவில் சுவரெழுப்பும். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பழைய பி6042 புரோப் இதை வேறு விதமாகத் தாண்டியது: மெதுவான மாற்றங்களுக்கு ஹால் சென்சார், வேகமானவற்றுக்கு அதே வளையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று, இரண்டையும் தடையின்றி ஒட்டவைக்கும் சுற்றமைப்பு. இப்படி அது 50 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தது. இந்த ஒட்டு வேலைக்குத்தான் விலை. அதை மேசைமேல் பின்பற்றுவது எளிதல்ல. ஆனால் தீவில் அடிக்கடி எழும் கேள்விகளுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அலை மாசை ஆராய்பவர்கள் வழக்கமாகப் பார்க்கும் ஐம்பதாவது ஹார்மானிக் வெறும் 2.5 கிலோஹெர்ட்ஸ். ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். டாங் டெஸ்டர் சராசரியை மட்டும் சொல்ல, பேட்டரியைச் சூடாக்கும் அந்தத் துடிப்பைக் கவ்வி தெளிவாகக் காட்டும். மோட்டாரின் தொடக்கமும் கவ்விக்குள் அடங்கும். ஓடும்போது 7 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் ஆறு மடங்கு இழுத்தால் 42 ஆம்பியர். அலையின் உச்சி அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 59. கவ்வியின் 65-க்குள் அது வருகிறது, மயிரிழையில். இதைவிடப் பெரிய மோட்டாரானால் வேறு கருவி வேண்டும் என்பதும் அதே கணக்கிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

சரிபார்ப்பது எப்படி? ஒரு 12 வோல்ட் பேட்டரி, வண்டியின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, 10 ஆம்பியர் அளக்கும் நல்ல மல்டிமீட்டர், நீண்ட வயர் இவை போதும். பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கும்; சரியான எண்ணை மல்டிமீட்டர் சொல்லும். அதே வயரைக் கவ்விக்குள் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபது சுற்று விட்டால், கவ்விக்கு அது 1.75 முதல் 35 ஆம்பியர் வரை. மின்னோட்டம் மாறவில்லை, சுற்று எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. எண்ணிக்கையில் பிழை வராது. கவ்வியை அசைக்காமல் பேட்டரி வயர்களை இடம் மாற்றி மறுபடி அளந்து, இரு அளவுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் பூஜ்யப் பிழையும் புவிக்காந்தமும் ஒரே வீச்சில் நீங்கிவிடும். ஐந்து புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் விழுந்தால் கவ்வி உண்மையானது. கோட்டின் சாய்வு 3 விழுக்காடு குறைந்திருந்தால் அது பிழையல்ல, இனிமேல் பெருக்க வேண்டிய எண்.

இத்தனை பாடுபடுவதைவிட நல்ல புரோப் ஒன்றை வாங்கிவிடலாமே என்பது முதல் மறுப்பு. வசதியுள்ள ஆய்வகம் வாங்கட்டும், அதில் சண்டையில்லை. ஆனால் விலை கூடிய புரோப்பிலும் பூஜ்யம் நகரும், அதன் தாடையிலும் துரு ஏறும், அதற்கும் அளவுச் சான்று காலாவதியாகும். சரிபார்க்கத் தெரியாதவர் கையில் அது அதிக விலைக்கு வாங்கிய நம்பிக்கை மட்டுமே. தூரமும் இங்கே ஒரு கணக்கு. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் வழியாக ஒரு சர்க்யூட் வரைபடம் நொடியில் வந்துவிடுகிறது. கருவியோ இன்றும் மெயின்லேண்டிலிருந்து கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருந்து வர வேண்டும். பழுதானால் அதே வழியில் திரும்ப வேண்டும். பழுது பார்க்கும் இடம் இவ்வளவு தொலைவில் இருக்கும் ஊரில், உள்ளூரிலேயே சரிபார்த்துச் சீராக்கக்கூடிய கருவிக்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டாவது மறுப்பு கனமானது: கவ்வியைத் திறந்து மாற்றினால் பாதுகாப்பு என்ன ஆவது? இதற்கு விட்டுக்கொடுக்கவே கூடாத பதில் ஒன்றுதான். தாடைகளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையில் கை வைக்கக் கூடாது. அதுதான் அளப்பவரின் உயிர்க்காப்பு. மாற்றங்கள் எல்லாம் கைப்பிடிக்குள் இருக்கும் குறைந்த வோல்டேஜ் பகுதியோடு நிற்க வேண்டும். உறையிடப்பட்ட வயரை மட்டுமே கவ்வ வேண்டும். மின் நிலையத்து வெற்று பஸ்பார் பக்கம் மலிவான கவ்வி போகவே கூடாது. பத்துச் சுற்று வித்தையும் பேட்டரிச் சுற்றுகளுக்கும், மின் இணைப்பைத் துண்டித்துத் தயாரித்த வயருக்கும் உரியது. பில் தகராறுக்கோ சட்டச் சான்றுக்கோ இந்த அளவு செல்லாது; அதற்கு ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற கூடத்தின் முத்திரை வேண்டும். மோட்டார் ஏன் சூடாகிறது, பேட்டரி ஏன் சீக்கிரம் சாகிறது என்று கண்டுபிடிக்க முத்திரை தேவையில்லை, உண்மை போதும்.

அந்த உண்மைக்கு இங்கே விலை அதிகம். தீவில் ஒரு யூனிட் மின்சாரத்தை ஆக்கும் செலவு, மக்களிடம் வசூலிக்கும் கட்டணத்தைவிடப் பல மடங்கு. மிச்சம் அரசின் மானியம். வீணாகும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் பின்னால் கப்பலில் வந்த டீசல் இருக்கிறது. பஹர்காவ் பகுதியில் உள்ள டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், தீவுகளின் ஐ.டி.ஐ.க்கள் போன்ற இடங்களில் மாணவருக்கு ஸ்கோப்பைக் கொடுக்குமுன் ஒரு மலிவான கவ்வியையும் இண்டிகேட்டர் பல்பையும் கொடுத்துப் பார்க்கலாம். பூஜ்யம் எவ்வளவு நகர்கிறது, சாய்வு எவ்வளவு பிசகுகிறது, எந்த வேகத்தில் குருடாகிறது என்று மூன்று எண்களைக் கண்டுபிடித்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிக் கவ்வியின் கைப்பிடியில் ஒட்டுவது முதல் பாடமாக இருக்கட்டும். சீட்டு ஒட்டிய சில ஆயிரம் ரூபாய்க் கவ்வியையும் சீட்டில்லாத லட்ச ரூபாய்ப் புரோப்பையும் நீட்டினால், கருகிய மோட்டாருக்குக் காரணம் தேடுபவர் முதலாவதை எடுப்பதே அறிவு. அதன் பொய் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். கழித்துக்கொண்டால் மிஞ்சுவது மெய்.